பட்ட அடியைத் தானே சொல்லும் வீரம்

இரும்புத் தலைக்கவசம் அணிந்த இருவர் புல்வெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு கையில் கேடயம், மறு கையில் ஒட்டுநாடா சுற்றிய பிரம்பு வாள். ஒருவர் வீசிய வாள் மற்றவரின் விலாவில் இறங்குகிறது. நடுவர் பக்கத்திலேயே நிற்கிறார், ஆனாலும் தீர்ப்புச் சொல்வதில்லை. அது உண்மையான வாளாக இருந்தால் உயிர் போயிருக்குமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அடி வாங்கியவர் மட்டுமே. போயிருக்கும் என்று மனத்தில் பட்டால், "நல்ல அடி" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தரையில் சாய்கிறார். அப்படிப் படாவிட்டால் சண்டை தொடர்கிறது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஒரு பெரிய இயக்கம் இந்த விதியை நம்பி நடந்து வருகிறது. இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரர்கள் போற்றிய வீரநெறியை, அவர்கள் ஆடிய போர்விளையாட்டுகளை மறுபடி நிகழ்த்துவதன் வழியாக இன்றைய மனிதர் அடைய முடியுமா? வரலாற்றாசிரியர்களில் பலர் இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். ஈடுபட்டவர்களில் பலர் தங்கள் குணத்தையே இது மாற்றியதாகச் சொல்கிறார்கள். இரு தரப்பும் பாதியைத்தான் பார்க்கின்றன என்பது என் கருத்து. அவர்கள் தேடும் வீரநெறி, தேடுகிற அந்தக் காலத்திலேயே வாழ்க்கையை விட வேடத்தில்தான் அதிகம் இருந்தது. ஆனால் வேடம் என்பதாலேயே அது பயனற்றதாகிவிடாது. ஆட்டத்தின் விதி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், இடைக்கால இலக்கியம் படித்துக்கொண்டிருந்த டயானா பேக்ஸன் வீட்டுக் கொல்லையில் நண்பர்கள் கூடிச் சண்டையிட்டதுதான் இன்றைய இயக்கத்தின் தொடக்கம். விளையாட்டு முடிந்ததும் டெலிகிராஃப் அவென்யூ வழியாக ஊர்வலம் போனார்கள். இருபதாம் நூற்றாண்டுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் ஊர்வலம் என்று அதைச் சொன்னார்கள். வியட்நாம் போருக்கு எதிராக மாணவர்கள் திரண்டுகொண்டிருந்த ஊர் அது. எந்திரமும் அணுகுண்டும் ஆண்ட நூற்றாண்டில், ஒருவன் இன்னொருவனை முகத்துக்கு முகம் பார்த்து, விதிக்குக் கட்டுப்பட்டு மோதிய காலம் அந்த இளைஞர்களுக்குத் தூய்மையாகத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த விளையாட்டுக்குப் பூங்காவில் இடம் கேட்டபோது அமைப்புக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. நாவலாசிரியர் மேரியன் ஜிம்மர் பிராட்லி, 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்ற பெயரைக் கொடுத்தார். இன்று அந்தச் சங்கம் உலகத்தை இருபது 'அரசுகளாக'ப் பிரித்துக்கொண்டிருக்கிறது. அரியணைக்கு உரியவர் போர்விளையாட்டில் வென்றே வருகிறார். சில மாதங்கள் ஆண்டுவிட்டு அடுத்த வெற்றியாளரிடம் முடியைக் கொடுத்துவிடுகிறார். பென்சில்வேனியாவில் ஸ்லிப்பரி ராக் என்ற ஊருக்கருகே கோடைதோறும் நடக்கும் அவர்களின் 'பென்சிக் போர்' முகாமுக்குப் பதினாயிரம் பேர் அளவில் வருகிறார்கள்.

இவர்கள் முன்மாதிரியாகக் கொண்ட அசல் விளையாட்டு எப்படி இருந்தது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது அழகான காட்சியே அல்ல. இரண்டு ஊர்களுக்கு நடுவே வயலும் திராட்சைத் தோட்டமும் கிடக்கும் பரந்த வெளியில் இரு பெரும் கூட்டங்கள் குதிரையோடு மோதும். நோக்கம் எதிரியைச் சிறைபிடிப்பது. பிடிபட்டவன் மீட்புப் பணம் கட்ட வேண்டும், குதிரையையும் கவசத்தையும் இழக்க வேண்டும். இங்கிலாந்தின் வில்லியம் மார்ஷல் சொத்தில்லாத இளைய மகனாகப் பிறந்து, இந்த விளையாட்டில் வாழ்க்கையைக் கட்டியவர். ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு பத்து மாதங்களில் 103 வீரர்களைப் பிடித்ததாக அவர் வாழ்க்கையைப் பாடும் நெடும்பாட்டு கணக்குச் சொல்கிறது. ஒருமுறை பரிசு கொடுக்க அவரைத் தேடிப் போனவர்கள், கொல்லனின் பட்டடைக் கல்லில் தலையை வைத்தபடி அவரைக் கண்டார்கள். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலாததால், கொல்லன் சுத்தியலால் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். இதே மனிதர் பின்னாளில் இங்கிலாந்தையே சிறுவயது மன்னனின் பெயரால் ஆண்டார், 1219இல் இறந்தார்.

திருச்சபை இந்த விளையாட்டை வெறுத்தது. 1130இல் கிளெர்மாங் நகரில் கூடிய சபை இதற்குத் தடை விதித்தது. விளையாட்டில் இறந்தவனுக்குத் திருச்சபைக் கல்லறையில் இடமில்லை என்றும் சொன்னது. தடை 1316இல்தான் நீங்கியது. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஐரோப்பாவின் உயர்குடியினர் எல்லோரும் ஒரு பாவத்தைத் தெரிந்தே ஆர்வத்தோடு செய்தார்கள். இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் 1194இல் ஐந்து இடங்களில் மட்டும் அனுமதித்து, கலந்துகொள்ளக் கட்டணமும் வாங்கினான். 1241இல் ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் நடந்த விளையாட்டில் பல பத்துப் பேர் செத்தார்கள். வாளைவிடப் புழுதியும் வெயிலும்தான் கொன்றன என்று அக்காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று முழுக் கவசம் அணிந்து வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இருபது, இருபத்தைந்து கிலோ எடை உடல் முழுதும் பரவியிருப்பதால் ஓடவும் குதிக்கவும் முடியும். தாங்க முடியாதது எடையை விட வெப்பமும் மூச்சுத் திணறலும்தான். நூலைப் படிப்பதால் மட்டும் கிடைக்காத இந்த மாதிரி அறிவை மீள்நிகழ்த்துபவர்கள் வரலாற்றுக்குத் தந்திருக்கிறார்கள். லண்டன் வாலஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தில் கவசங்களுக்குப் பொறுப்பாக இருந்த டோபியாஸ் கேப்வெல் தாமே குதிரையேறி ஈட்டி ஏந்தும் வீரர். அவருடைய ஆய்வு நூல்களில் அந்த உடல் அனுபவம் தெரிகிறது.

இவ்வளவு பணமும் இரத்தமும் நிறைந்த இடத்தில் அறம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கேள்விகளிலிருந்து வந்தது. பிரெஞ்சு வீரர் ஜெஃப்ரி தெ ஷார்னி, மன்னன் இரண்டாம் ஜான் தொடங்கிய நட்சத்திரப் படைக்குழுவின் வீரர்கள் கூடி விவாதிக்க வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளை எழுதிவைத்தார். ஈட்டிமோதலில் வீழ்ந்தவனின் குதிரை யாருக்கு? எந்தச் சூழலில் பிடிபட்டவன் சிறையாளி ஆகிறான்? வாக்குக் கொடுத்தவன் எந்நேரத்தில் அதிலிருந்து விடுபடலாம்? கேள்விகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன, பதில்கள் இல்லை. வீரநெறியைப் பத்துக் கட்டளைகள்போல் அடுக்கித் தரும் இன்றைய சுவரொட்டிகளைவிட இந்தக் கேள்விகள் எனக்கு உண்மையாகப் படுகின்றன. நெறி என்பது அந்த வீரர்களுக்கு முடிந்துபோன சட்டமாக இல்லை, வாதிட்டுத் தெளிய வேண்டிய வழக்காக இருந்தது. ஈட்டிமோதல் நல்லது, கூட்டுச்சண்டை அதைவிட நல்லது, போர் எல்லாவற்றிலும் மேலானது என்று எழுதிய ஷார்னி தம் சொல்லுக்குத் தாமே சாட்சியானார். 1356 செப்டம்பர் 19 அன்று, புவாத்தியே போர்க்களத்தில் பிரான்சின் செங்கொடியைத் தாங்கியபடி இறந்தார்.

இன்னொரு பகுதி சடங்கிலிருந்து வந்தது. பிரான்சின் ஆன்ஜூ நாட்டு ரெனே 1460 வாக்கில் போர்விளையாட்டு நடத்தும் முறையைப் பற்றி ஓவியங்களோடு ஒரு நூல் செய்தார். இன்று மீள்நிகழ்த்துபவர்கள் அதிகம் புரட்டும் நூல்களில் ஒன்று அது என்று தயங்காமல் சொல்லலாம். வாளின் அலகு நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும், அப்போதுதான் முகக்கவசத்தின் இடுக்கில் நுழையாது. முனையும் கூரும் மழுங்கியிருக்க வேண்டும். களத்துக்கு வருவதற்கு முன் எல்லோருடைய தலைக்கவசங்களும், அவற்றின் உச்சியில் பொருத்திய சின்னங்களும் ஒரு மடத்தின் தாழ்வாரத்தில் வரிசையாக வைக்கப்படும். பெண்கள் அவற்றைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், ஒவ்வொன்றும் யாருடையது என்று கட்டியங்காரர் சொல்வார். தன்னைப் பற்றி ஒருவன் இழிவாகப் பேசியிருந்தால் அந்தப் பெண் அவனுடைய சின்னத்தைத் தொட்டுக் காட்டலாம். விசாரணையில் குற்றம் உறுதியானால் களத்தில் மற்ற வீரர்கள் அவனை அடிப்பார்கள். பெண்களிடம் உரக்க மன்னிப்புக் கேட்கும்வரை அடிப்பார்கள். வாக்குத் தவறியவனுக்கும் வட்டிக்குக் கொடுத்தவனுக்கும் தண்டனை இன்னும் கடுமை. குதிரையைப் பறித்து, சேணத்தோடு வேலிக்கட்டையில் ஏற்றி, விளையாட்டு முடியும்வரை எல்லோரும் பார்க்க உட்கார வைப்பார்கள். அடி எல்லை மீறினால் காப்பதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பெண்கள் தேர்ந்தெடுத்த வீரர் ஒருவர் அவர்கள் கொடுத்த துணியை ஈட்டி நுனியில் கட்டிவைத்திருப்பார். அதை ஒருவன்மேல் தாழ்த்தினால் அதற்குப் பிறகு அவனை யாரும் தொடக்கூடாது.

படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் அதே பட்டியலில் தனக்குக் கீழான குலத்துப் பெண்ணை மணந்தவனும் குற்றவாளியாக நிற்கிறான், அவனுக்கும் அடி உண்டு. பெண்ணின் மானத்தைக் காத்த அதே கோல் பிறப்பின் எல்லையையும் காத்தது. வீரநெறியைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது அந்த நூலுக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை.

பிறப்பால் குதிரைவீரர்களான அவர்களும் வேடம்தான் போட்டார்கள் என்பது மீள்நிகழ்த்தலை எள்ளுபவர்கள் மறந்துவிடும் செய்தி. 1223இல் பெய்ரூத் பிரபு இபலின் ஜான், சைப்ரசில் தம் மகன்களுக்கு வீரப்பட்டம் கட்டிய விழாவில் ஆர்தர் மன்னனின் கதைகளை நடித்துக்காட்டினார்கள். 1227இல் உல்ரிக் ஃபொன் லிக்டன்ஸ்டைன் வீனஸ் தேவதையைப் போல் உடுத்திக்கொண்டு வெனிஸ் பக்கமிருந்து வடக்கே ஊர் ஊராகப் பயணம் செய்து ஈட்டி உடைத்ததாகத் தானே பாடிவைத்தார். வேல்ஸை வென்ற முதலாம் எட்வர்ட் 1284இல் நெவின் என்ற ஊரில் வட்டமேசை விழா எடுத்தான். மூன்றாம் எட்வர்ட் 1344இல் விண்ட்சரில் வட்டமேசையை மறுபடி நிறுவப்போவதாகச் சபதமே செய்தான். இல்லாத ஆர்தரின் இல்லாத அவையை இவர்கள் எல்லோரும் மீள்நிகழ்த்தினார்கள். அப்படிப் பார்த்தால், பெர்க்லி கொல்லையில் கூடியவர்கள் ஒரு மரபைப் போலி செய்தவர்கள் ஆகமாட்டார்கள். அந்த மரபில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹைசிங்க 1919இல் வெளிவந்த நூலில், பதினைந்தாம் நூற்றாண்டின் வீரநெறியை வாழ்வின் கொடுமையை மறைக்கும் அழகிய கனவாகக் கண்டார். 1984இல் மாரிஸ் கீன் அதை மறுத்தார். அந்த நெறி வீரர்களின் உண்மையான நடத்தையை வடிவமைத்த வலிய ஆற்றல் என்றார். ரிச்சர்ட் கேயூப்பர் 1999இல் இன்னும் ஒரு படி போனார். வன்முறையைக் கட்டுப்படுத்திய நெறியே வன்முறையைப் புகழ்ந்து வளர்க்கவும் செய்தது என்று காட்டினார். இந்த மூவரில் கேயூப்பரின் வாதமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. 1355இல் கறுப்பு இளவரசன் என்று பெயர்பெற்ற எட்வர்ட் தென்பிரான்சின் ஊர்களை வரிசையாக எரித்துக்கொண்டு போனபோது, அவன் கூட இருந்தவர்கள் வீரநெறியை மீறியதாக நினைக்கவில்லை. உழவனின் குடிசை அந்த நெறியின் கணக்கில் வரவே இல்லை.

பர்கண்டி அவையின் ழாக் தெ லலான் அந்த உலகின் கடைசி நட்சத்திரம். 1449, 1450 ஆண்டுகளில் ஷாலோன் நகரில் 'கண்ணீர் ஊற்று' என்ற பெயரில் களம் அமைத்து, மாதந்தோறும் வருகிற எவரோடும் மோதத் தயாராக நின்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். விளையாட்டு அதற்குப் பிறகும் நூறாண்டு நடந்தது. 1559இல் பாரிஸ் களத்தில் உடைந்த ஈட்டிச் சிம்பு முகத்தில் பாய்ந்து மன்னன் இரண்டாம் ஆன்ரி பத்து நாள் துன்புற்று இறந்தபோது அதன் மதிப்பும் பெருமளவு சரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' அந்தக் கனவை மறுபடி எழுப்பியது. 1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எக்லின்டன் பிரபு தம் நிலத்தில் பெருஞ்செலவில் ஒரு போர்விளையாட்டை நடத்தினார். முந்தைய ஆண்டு விக்டோரியாவின் முடிசூட்டு விழாவில் பழைய சடங்குகளைச் சிக்கனம் கருதிக் கைவிட்டதால் உயர்குடியினருக்கு மனக்குறை இருந்தது. கலந்துகொள்ள வந்தவர்கள் லண்டனில் பல மாதம் பயிற்சி எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில், சிலர் கணக்குப்படி இலட்சம் பேர் வரை, மக்கள் திரண்டார்கள். முதல் நாள் கொட்டிய மழையில் எல்லாம் சேறாகிவிட்டது. கவசப் பிரபுக்கள் குடை பிடித்ததைப் பத்திரிகைகள் நெடுங்காலம் எள்ளின. எனக்கு அந்த மழை ஒரு குறையாகத் தோன்றவில்லை. எக்லின்டனின் உண்மையான குறை வேறு. தொழிற்சாலைத் தொழிலாளர் வாக்குரிமை கேட்டுப் போராடிய அதே ஆண்டில், பிறப்பால் வந்த மேன்மையை மட்டும் அந்த விழா கொண்டாடியது.

அதே நாவல்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இன்னும் இருண்ட வேலை செய்தன. அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரர்கள் தங்களைக் குதிரைவீரர்களாகக் கற்பனை செய்து, தொங்கும் வளையத்தை ஈட்டியால் கோக்கும் போட்டிகள் நடத்தினார்கள். உள்நாட்டுப் போரின் பழியில் ஒரு பங்கை மார்க் ட்வெயின் 1883இல் ஸ்காட்டின் தலையிலேயே போட்டார். மிகைதான், ஆனால் அடிப்படை இல்லாத மிகை இல்லை. போருக்குப் பிறகு முகமூடி அணிந்து கறுப்பின மக்களைக் கொன்ற கு கிளக்ஸ் கிளான் பின்னாளில் தன் ஆட்களை நைட்டுகள், அதாவது குதிரைவீரர்கள், என்றே அழைத்தது. 2017இல் சார்லட்ஸ்வில் ஊர்வலத்தில் வெள்ளை இனவெறியர்கள் சிலுவைப்போர்ச் சின்னம் தீட்டிய கேடயங்களோடு நடந்தார்கள். இடைக்காலத்தை நேசிக்கிறவர்கள் இதை வெளியாட்களின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. தங்கள் முகாமுக்குள் அந்த நோக்கம் நுழைகிறதா என்று பார்த்துத் தடுப்பது அவர்களுடைய கடமை.

இன்றைய களத்துக்கு வருவோம். மீள்நிகழ்த்தல் எல்லாம் ஒன்றல்ல. கிழக்கு ஐரோப்பாவில் எழுந்து 2010இல் உக்ரேனின் ஹோத்தின் கோட்டையில் முதல் 'நாடுகளின் போர்' நடத்திய பிரிவினர் மழுங்கிய எஃகு ஆயுதங்களோடு முழு வலுவில் மோதுகிறார்கள். இரண்டு பாதங்களைத் தவிர உடலின் வேறொரு பகுதி தரையைத் தொட்டவன் தோற்றவன். அதை நடுவர் பார்த்துச் சொல்கிறார். அது கடுமையான, நேர்மையான விளையாட்டு, குத்துச்சண்டையைப் போல. ஆனால் வீரநெறியை வளர்க்கும் வாய்ப்பு அதன் விதியில் குறைவு. தோற்றேனா இல்லையா என்று அங்கே யாரும் தன் மனத்தைக் கேட்க வேண்டியதில்லை. குதிரைமேல் திட ஈட்டி உடைப்பவர்கள் மிகச் சிலர். அங்கே குதிரையின் பயிற்சியும் உயிரச்சமும் சேர்ந்து ஒழுக்கத்தைக் கற்பிக்கின்றன.

பிரம்பு வாள் களத்தில்தான் வீரநெறி அன்றாடச் சோதனைக்கு உள்ளாகிறது. எவ்வளவு பலமான அடி 'நல்ல அடி'? சங்கிலிக் கவசத்தை ஊடுருவும் அளவுக்கு என்று விதி சொல்கிறது. அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. தொடையில் பட்டால் முழங்காலில் நின்று போரிட வேண்டும், கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். வெல்லும் ஆசை உடம்பையே மரத்துப்போகச் செய்யும். அடி உணரவில்லை என்று மனமறிந்து பொய் சொல்பவர் குறைவு. உணர விரும்பாதவர் அதிகம். இப்படிப்பட்டவர்களை அந்தக் களத்தில் காண்டாமிருகத் தோல்காரர்கள் என்பார்கள். தண்டனைக் குறிப்பேடு எதிலும் அவர்கள் பெயர் ஏறாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெள்ளைக் கச்சையும் சங்கிலியும் குதிமுள்ளும் தரும் வீரப்பட்டத்தை அவர்களுக்குக் கொடுக்க மூத்த வீரர்கள் தயங்குவார்கள். வெற்றி எண்ணிக்கையைவிட நடத்தைக்கு மதிப்புக் கொடுக்கும் இந்தத் தயக்கம்தான் இயக்கத்தின் முதுகெலும்பு. ரெனேயின் களத்தில் வாக்குத் தவறியவனை வேலிக்கட்டையில் உட்காரவைத்தது ஊரின் பார்வை. இங்கே அடி வாங்கியவனின் நாக்கை இழுத்துப் பிடிப்பதும் அதே பார்வைதான்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர் 'நல்ல அடி'யின் அளவு மாறுவதால், வெளியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர்களாக எண்ணுகிறார்கள். சிலர் நம்பவைக்க மேலும் மேலும் பலமாக அடிக்கிறார்கள். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அது பாதகம். அப்படியிருந்தும் பெண்கள் வாளெடுத்திருக்கிறார்கள், பட்டம் பெற்றிருக்கிறார்கள், தம் கையாலேயே முடியை வென்றிருக்கிறார்கள். தலைக்கவசச் சின்னத்தைத் தொட்டுக்காட்டிய பெண், தானே தலைக்கவசம் அணிந்து களத்துக்குள் வந்துவிட்டாள். ரெனே கனவிலும் கருதாத திருத்தம் இது. பழைய நெறியை இது கெடுத்துவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே அந்த நெறி உயிரோடு இருப்பதற்கான ஆதாரம். உயிருள்ள நெறி தான் விலக்கியவர்களை ஒருநாள் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

1990கள் தொட்டு அமெரிக்காவில் சில குழுக்கள் ரெனேயின் முறைக்கு இன்னும் நெருங்கிச் செல்கின்றன. தோற்றவர் வெளியேறும் போட்டி முறையைக் கைவிட்டு, களத்தைக் காப்பவர் ஒருபுறமும் அறைகூவுபவர் மறுபுறமுமாக, பேசிவைத்த எண்ணிக்கையில் அடிகளை மாற்றிக்கொள்கிறார்கள். பார்வையாளர் கூட்டமே பரிசை முடிவு செய்கிறது. அது பெரும்பாலும் அதிகம் வென்றவருக்குப் போவதில்லை. எதிரியின் கேடயப் பட்டை அறுந்தபோது தன் கேடயத்தைக் கீழே வைத்தவருக்கோ, ஐயம் இருந்த அடியை எதிரிக்குச் சாதகமாக ஏற்றவருக்கோ போகிறது. இதில் செயற்கைத்தன்மை இருக்கிறது; பரிசுக்காகவே கேடயத்தைக் கீழே வைப்பவர்களும் வந்துவிடுகிறார்கள். ஆனால் பார்ப்பவர்களுக்கு அந்த வேறுபாடு விரைவில் பிடிபடுகிறது. மாலை விருந்தில் அதைப் பற்றிய விவாதம் நீளுகிறது. ஷார்னி தம் கேள்விகளால் விரும்பியதும் அப்படி ஒரு விவாதத்தைத்தான்.

களத்தில் அடியை ஒப்புக்கொள்பவர் அலுவலகத்தில் தம் தவறை ஒப்புக்கொள்வாரா? ஆம் என்று ஆர்வலர்கள் அடித்துச் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. கூட்டம் பார்க்கும் இடத்தில் பழகிய நேர்மை, யாரும் பாராத இடத்துக்குத் தானாக வந்துவிடாது. ஆனாலும் தோல்வியைத் தன் வாயால், உரக்க, உடனே சொல்லிப் பழகும் இடங்கள் இன்று எத்தனை இருக்கின்றன? சாலை விபத்தில், வழக்கில், தேர்தலில், எங்கும் மறுக்கவே கற்றுக்கொடுக்கிறோம். வார இறுதிதோறும் பல முறை "நல்ல அடி" என்று சொல்லும் பழக்கத்தை அற்பம் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தக் களத்துக்கு இன்று பிறப்புச் சான்று யாரும் கேட்பதில்லை. உயர்குடிப் பிறப்பு வேண்டாம், குதிரை வேண்டாம், நிலம் வேண்டாம். கேட்பது பணம். அளவெடுத்துச் செய்த முழு உலோகக் கவசம் பல ஆயிரம் டாலர் ஆகும். பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டி உள்ளே அணியும் தட்டுகள் செய்துகொள்பவர்களும் உண்டு. ஆனால் நம்பத் தகுந்த எஃகுத் தலைக்கவசத்தை அப்படிச் செய்ய முடியாது. இடைக்கால வீரர்கள் முதன்மை நற்குணங்களில் ஒன்றாகக் கொடையை வைத்தார்கள். வென்ற குதிரையை அன்று மாலையே இல்லாதவனுக்குக் கொடுத்தவனே பேர் பெற்றான். இன்று அந்தக் குணம், பல ஊர்க் குழுக்களில், பயிற்சி நடக்கும் பூங்காவில் ஒரு பெரிய பெட்டியாக இருக்கிறது. பழைய தலைக்கவசங்களும் முழங்கால் மூடிகளும் கையுறைகளும் அதில் கிடக்கும். முதல்முறை வருகிற மாணவரோ கடைப் பணியாளரோ தம் தலைக்குப் பொருந்துவதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பஞ்சு மெத்தை போதவில்லை என்றால் யாராவது ஒரு மூத்த வீரர் மண்டியிட்டு உட்கார்ந்து, புதிதாக ஒட்டிக் கொடுப்பார்.